குண்டு பாயும் உடம்பு: ‘பேட்மேன்: கோதம் நைட்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2008-ல் வந்த ‘பேட்மேன்: கோதம் நைட்’ எனக்கு மிகவும் பிடித்த அனிமேஷன் படங்களில் ஒன்று. வீட்டில், நண்பர்களின் அறையில், ஊருக்குப் போனால் அக்கா பிள்ளைகளுக்கு என்று எத்தனையோ முறை போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே கேள்வி வரும். சரி, ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று எழுதியது இது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். முதல் ஐந்து பதில்களில் கதையை உடைக்கவில்லை. படம் பார்க்காதவர்கள் அதுவரை படித்துவிட்டு, பார்த்த பிறகு மீதிக்கு வரலாம்.

இது ஒரே படமா, இல்ல ஆறு குறும்படத்த ஒட்டிப் போட்டதா?

இரண்டும்தான். ஆறு கதைகள், ஒவ்வொன்றும் பன்னிரண்டு நிமிடம் போல, மொத்தம் சுமார் 75 நிமிடம். ஒவ்வொரு கதைக்கும் இயக்குநர் வேறு, எழுத்தாளர் வேறு. அந்தாலஜி என்று இப்போது சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த வகை. ஆனால் கதைகளுக்குள் ஓடும் நூல் உண்டு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

படம் தியேட்டருக்கு வரவில்லை. 2008 ஜூலை 8 அன்று நேராக டிவிடி, புளூ-ரேயில் வெளியானது. பத்தே நாளில், ஜூலை 18 அன்று, கிறிஸ்டோபர் நோலனின் ‘த டார்க் நைட்’ தியேட்டரில் வந்தது. அந்தச் சத்தத்தில் இந்தச் சின்னப் படம் அமுங்கிப்போனது என்பதுதான் என் வருத்தம்.

‘நைட்’னா ராத்திரிதானே? கோதம் ராத்திரியா?

தமிழில் எழுதும்போது இரண்டு சொல்லும் ஒரே மாதிரி ஆகிவிடுவதால் வரும் குழப்பம் இது. இங்கே நைட் என்றால் ராத்திரி இல்லை. கவசம் போட்டு, ஓர் ஊரையோ அரசனையோ காக்கிறேன் என்று சத்தியம் செய்துகொடுத்த ஐரோப்பியக் குதிரை வீரன். கோதம் நகரத்தின் காவல் வீரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘த டார்க் நைட்’ என்பதிலும் அதே நைட்தான்.

பேட்மேனுக்கு நெஜமாவே சக்தி எதுவும் இல்லையா? பறக்கிறாரே!

பறக்கவில்லை. உயரத்திலிருந்து குதித்து, விரித்த மேலங்கியைப் பிடித்துக்கொண்டு சறுக்கி இறங்குகிறார். மேலே ஏற வேண்டுமென்றால் கயிறும் கொக்கியும் வேண்டும். 1939-ல் பாப் கேனும் பில் ஃபிங்கரும் சேர்ந்து உருவாக்கிய நாளிலிருந்தே இவர் வெறும் மனிதர். வேறு கிரகத்திலிருந்து வந்தவர் இல்லை, எந்தப் பூச்சியும் கடிக்கவில்லை. சின்ன வயதில் கண்முன்னே அப்பா அம்மாவைத் திருடன் ஒருவன் சுட்டுக்கொன்றதைப் பார்த்த பணக்கார வீட்டுப் பையன், புரூஸ் வெய்ன். பயிற்சி, மூளை, பணம், பிடிவாதம் இந்த நான்கும்தான் அவர் கையில் இருப்பவை.

இந்தப் படத்தை நான் விடாமல் சிபாரிசு செய்வதற்குக் காரணமே அதுதான். சக்தியில்லாத நாயகன் என்பதைப் பல படங்கள் வாயால் சொல்லும். இது உடம்பால் காட்டும். ஆறு கதைகளிலும் துப்பாக்கிக் குண்டு ஏதோ ஒரு விதத்தில் வந்துகொண்டே இருக்கும். அதை மட்டும் கவனித்துக்கொண்டே பாருங்கள், படம் வேறு மாதிரி தெரியும்.

ஒவ்வொரு கதையிலயும் மூஞ்சி மாறுதே, வேற வேற ஆளா?

ஒரே ஆள்தான், வரைந்த கைகள் வேறு. எழுதியவர்கள் அமெரிக்கர்கள். வரைந்தவை ஜப்பானிய அனிமே நிறுவனங்கள். முதல் கதையும் ஐந்தாவதும் ஸ்டூடியோ ஃபோர் டிகிரி சி, இரண்டாவது புரொடக்‌ஷன் ஐ.ஜி, மூன்றாவது பீ ட்ரெய்ன், நான்காவதும் ஆறாவதும் மேட்ஹவுஸ். யாரும் மற்றவரின் பேட்மேனைப் பார்த்து வரையவில்லை. அதனால் ஒரு கதையில் கழுத்தில்லாத மலை மாதிரி இருப்பார், மூன்றாவதில் கல்லூரிப் பையன் மாதிரி ஒல்லியாக, அழகாக இருப்பார்.

மாறாதது குரல். ஆறிலும் கெவின் கான்ராய். 1992-ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரிலிருந்து பேட்மேனுக்குப் பேசியவர், 2022-ல் காலமானார். புரூஸாகப் பேசும்போது ஒரு குரல், முகமூடிக்குள் போனதும் ஒரு குரல். முகம் குழப்பினால் கண்ணை மூடிக் கேளுங்கள், ஆள் ஒருவர்தான் என்று காது சொல்லிவிடும்.

நோலன் படத்தையெல்லாம் பாத்துட்டுதான் இதப் பாக்கணுமா?

அவசியமில்லை. ஆனால் 2005-ல் வந்த ‘பேட்மேன் பிகின்ஸ்’ பார்த்திருந்தால் சில இடங்கள் சட்டென்று பிடிபடும். அந்தப் படத்துக்கும் ‘த டார்க் நைட்’டுக்கும் நடுவில் நடப்பவை என்றுதான் இந்தக் கதைகளை வெளியிட்டார்கள். பயமுறுத்தும் மருந்தோடு ஸ்கேர்குரோ என்ற வில்லன் தப்பித்து அலைவது, நேரோஸ் என்ற தீவுப் பகுதி முழுக்க ஆர்க்கம் மனநலக் காப்பகத்தின் வசம் போயிருப்பது எல்லாம் முதல் படத்தின் தொடர்ச்சி.

கறாராகப் பொருத்திப் பார்க்கப் போனால் இடறும். கடத்தல் தலைவன் மரோனி இங்கே ஒரு மாதிரி, 2008 படத்தில் வேறு மாதிரி. ஒரு ஊரைப் பற்றி ஆறு பேர் சொன்ன கதைகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள், சின்னச் சின்ன முரண்கள் உறுத்தாது. ஒன்று மட்டும் கவனியுங்கள். இரண்டாவது கதையில் தன் மேலதிகாரி கார்டனையும் பேட்மேனையும் விட்டுக்கொடுக்காமல் பேசும் போலீஸ் அதிகாரி அன்னா ராமிரெஸ், ‘த டார்க் நைட்’டிலும் வருகிறார். அந்தப் படத்தில் அவர் என்ன செய்தார் என்பது நினைவிருந்தால், இங்கே அவர் பேசும் ஒவ்வொரு வரியும் குத்தும்.

முதல் கதை ஒண்ணுமே புரியல. பேட்மேன் ஏன் புகையா மாறுறார், அப்புறம் ஏன் ரோபோ ஆகிறார்?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் படத்தை நிறுத்திவிடுகிறார்கள். அங்கே நாம் பார்ப்பது நடந்ததை இல்லை, பிள்ளைகள் சொல்வதை. ஸ்கேட்போர்டு ஓட்டும் நான்கு பிள்ளைகள். அதில் மூன்று பேர் அன்று பேட்மேனைப் பார்த்திருக்கிறார்கள். நிழல் மாதிரி கரைந்து கரைந்து உருவெடுத்தார் என்கிறது ஒரு பிள்ளை. பாதி வௌவால், பாதி மனிதன் என்கிறது இன்னொன்று. இல்லவே இல்லை, இயந்திரம் என்கிறது மூன்றாவது. நடந்தது ஒரே துரத்தல். அதையும் பின்னாலிருந்து முன்னாகச் சொல்கிறார்கள், கடைசியில் நடந்தது முதலில் வரும். குழப்பம் அதனால்தான் கூடுகிறது.

ஊரில் முனியைப் பார்த்தேன் என்று சொல்பவர்கள் பனைமர உயரம் என்பார்களே, அந்த மனசுதான். கண் முன்னால் நம்ப முடியாத ஒன்று நடந்தால் வாய் தானாகவே அதற்குச் சக்தி சேர்த்துவிடும். பிறகு, எதையும் பார்க்காத நான்காவது பையன் முன்னால் அந்தச் சண்டையே வந்து விழுகிறது. அவன் பார்ப்பது அடிபட்டு, மூச்சு வாங்கி, காயத்தோடு தடுமாறும் ஒரு மனிதரை. எதிரி அவரைத் தீர்க்கப் போகும் நேரத்தில் ஸ்கேட்போர்டால் ஓங்கி அடிப்பது இந்தப் பையன்தான். நிழலுக்கும் இயந்திரத்துக்கும் யாருடைய உதவியும் வேண்டியிருக்காது. மனிதருக்கு வேண்டும். ஆறு கதைகளில் இதை முதலில் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

கதைகள வரிசை மாத்திப் பாத்தா என்ன ஆகும்?

பார்க்கலாம், ஆனால் நூல் அறுந்துவிடும். முதல் கதையில் பிடிபட்ட ஆளைத்தான் இரண்டாவதில் போலீஸ் ஆர்க்கத்துக்குக் கொண்டுபோகிறது. திரும்பும் வழியில் அவர்கள் மாட்டிக்கொள்ளும் கும்பல் சண்டை, மரோனியும் ரஷ்யன் என்று அழைக்கப்படுபவனும் மோதுவது, மூன்றாவதிலும் தொடர்கிறது. நான்காவதில் பேட்மேன் இறங்கும் பாதாளச் சாக்கடையிலேயே ஐந்தாவது தொடங்குகிறது. ஆறாவதை மட்டும் வேண்டுமானால் தனியாகப் பார்க்கலாம்.

எல்லா கதையும் நல்லாருக்கா? எதையாவது ஓட்டிவிடலாமா?

நான்காவது கதையில் படம் கொஞ்சம் தொய்கிறது. சாக்கடை, வெறிபிடித்த கூட்டம், முதலைத் தோலோடு கில்லர் க்ராக், ஸ்கேர்குரோ எல்லாம் பன்னிரண்டு நிமிடத்தில் திணித்திருக்கிறார்கள். மேட்ஹவுஸின் இருட்டு அழகு, கதை மெலிவு. இரண்டாவது கதையை எழுதிய கிரெக் ரக்கா, கோதம் போலீஸ்காரர்களை வைத்தே காமிக்ஸ் தொடர் எழுதியவர். அதனால் இரண்டு அதிகாரிகள் காருக்குள் போடும் வாக்குவாதம் உயிரோடு இருக்கிறது. எனக்கு உச்சம் மூன்றாவதும் ஐந்தாவதும். ஓட்டிவிட வேண்டாம், மொத்தமே ஒண்ணேகால் மணி நேரம்தான்.

குண்டே படாத கருவி கெடச்சும் திருப்பிக் குடுத்துட்டாரே, பைத்தியமா அவருக்கு?

மூன்றாவது கதையின் உயிரே இந்தக் கேள்விதான். செயற்கைக்கோள் ஒன்றில் ஏற்பட்ட கோளாறிலிருந்து பேட்மேனுக்குக் கருவிகள் செய்துதரும் லூசியஸ் ஃபாக்ஸ் ஒரு யோசனையைப் பிடிக்கிறார். உடம்பில் மாட்டிக்கொண்டால், வரும் குண்டுகளை மின்காந்தத்தால் திசைதிருப்பும் கருவி. முதல்முறையாகப் பேட்மேனுக்குச் சூப்பர்மேன் மாதிரி ஒரு பாதுகாப்பு. ரஷ்யனுக்கும் மரோனிக்கும் நடுவில் போய் நிற்கிறார், நாலா பக்கமும் சுடுகிறார்கள், ஒன்றும் படவில்லை. பார்க்கும் நமக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

ஆனால் திசை திரும்பிய குண்டு எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? அங்கே நின்ற அடியாள் ஒருவன் மீது பாய்கிறது. கெட்டவன்தான், எதிரியின் ஆள்தான். இருந்தும் பேட்மேன் பதறிப்போகிறார், சண்டையை அப்படியே விட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். மறுநாள் கருவி ஃபாக்ஸின் கைக்கே திரும்பிப் போகிறது. வேலை செய்யவில்லையா என்றால், ரொம்ப நன்றாகவே வேலை செய்கிறது, அதுதான் பிரச்சினை. உயிரைப் பணயம் வைக்கத் தயார், ஆனால் அது என் உயிராக இருக்க வேண்டும், அடுத்தவன் உயிராக இருக்கக்கூடாது என்கிறார்.

கேட்டவருக்கு நான் சொன்ன பதில் இது. அந்தக் கருவி ஆபத்தை இல்லாமல் ஆக்கவில்லை, பக்கத்தில் நிற்பவனுக்குத் தள்ளிவிட்டது. அதைப் புரிந்துகொண்டு, குண்டு பாயும் உடம்புக்கே திரும்பிப் போகிறார். சக்தி இல்லாமல் பிறந்தது அவர் கையில் இல்லை. கிடைத்த சக்தியை வேண்டாம் என்றது அவர் எடுத்த முடிவு. இந்த ஒரு கதைக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

இந்தியான்னாலே ஃபகீர், தவம், வலி தாங்குறதுதானா? இதுக்குக் கோபம் வரலையா உங்களுக்கு?

வந்தது, இப்போதும் வருகிறது. ஐந்தாவது கதையில் வயிற்றில் குண்டு பாய்ந்து சாக்கடையில் கிடக்கும் பேட்மேன், வலியை அடக்கக் கற்றுக்கொண்ட நாட்களை நினைத்துப் பார்க்கிறார். அந்த நாட்கள் இந்தியாவில். எந்த ஊர் என்று இல்லை, ஃபகீர்கள், ஏதோ மர்ம வித்தை. ஆசிரியையின் பெயர் கசாண்ட்ரா, கிரேக்கப் புராணப் பெயர். அவருக்குக் குரல் கொடுத்த பர்மிந்தர் நாக்ரா பஞ்சாபி வம்சாவளி பிரிட்டிஷ் நடிகை என்பது மட்டும் ஒரு ஆறுதல்.

அதைத் தாண்டி அந்தப் பெண்ணின் கதை என்னைத் தொட்டது. ஃபகீர்கள் பெண்ணுக்குக் கற்றுத்தர மாட்டார்கள் என்பதால் பையன் வேஷம் போட்டுக் கற்றவர், பிடிபட்டு ஊராரால் ஒதுக்கப்பட்டவர். புரூஸையும் ஃபகீர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒதுக்கப்பட்டவரிடம்தான் அவருக்கு இடம் கிடைக்கிறது. ஒரு ராத்திரி இளைஞர்கள் சிலர் கசாண்ட்ராவைத் துன்புறுத்த வருகிறார்கள். புரூஸ் அடி விழுந்தும் வலிக்காதவராக நின்று அவர்களை அடித்து விரட்டுகிறார். கற்றது பலித்துவிட்டது. கசாண்ட்ராவோ அவரைப் போய்விடச் சொல்கிறார். உன் வலி நான் சரிசெய்யக்கூடியதைத் தாண்டியது என்பதுதான் அதன் சாரம். உடம்பின் வலியை அடக்கக் கற்றுத்தர அவரால் முடிந்தது, உள்ளே இருப்பதற்கு அவரிடம் வைத்தியம் இல்லை. இதை எழுதியவர் பிரையன் அஸரெல்லோ.

கடைசில ஆல்ஃபிரட் கைய நீட்டுறார். துப்பாக்கியக் கீழ போட்டுட்டு கையக் குடுக்க வேண்டியதுதானே?

அக்கா பையன் கேட்டது. நான் உடனே பதில் சொல்லவில்லை, அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டேன். காயத்துக்குச் சூடு வைத்து அடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வருகிறார். சாக்கடைக் குப்பையில் கிடக்கிறது ஒரு துப்பாக்கி. எடுக்கிறார். அடுத்து இன்னொன்று. பிறகு கைகொள்ளாத அளவு. ஊரார் வேண்டாம் என்று எறிந்தவை, ஒளித்தவை எல்லாம் சேற்றோடு அவர் மார்பில் அணைந்து கிடக்கின்றன, விறகுச் சுமையைக் கட்டிப் பிடித்த மாதிரி. மேலே வெளிச்சம், புரூஸின் வீட்டுப் பணியாளரான ஆல்ஃபிரட்டின் நீட்டிய கை. ‘கையைக் கொடுங்கள்’ என்கிறார். முடியவில்லை. கீழே போடவும் மனசில்லை.

மேலே சொன்ன கசாண்ட்ரா பதிலோடு சேர்த்துப் பாருங்கள். அம்மா அப்பாவைக் கொன்ற பொருள் அது. ஊரிலிருக்கும் அத்தனையையும் தானே பொறுக்கிவிட்டால் இன்னொரு பிள்ளைக்கு அப்படி நடக்காது என்ற எண்ணம். குண்டின் வலியைத் தாங்கத் தெரிந்தவருக்கு இந்தச் சுமையை இறக்கத் தெரியவில்லை. ‘அப்போ அவர் மேல வரவே மாட்டாரா மாமா?’ என்று கேட்டான். படம் அங்கேயே வெட்டி நகர்ந்துவிடுகிறது என்று மட்டும் சொன்னேன்.

துப்பாக்கியத் தொடவே மாட்டார்னு சொன்னீங்க, ஆறாவது கதைல கையில வெச்சுப் பாக்குறாரே?

தொடமாட்டார் என்றில்லை, அதை வைத்துக் கொல்லமாட்டார். ஆறாவது கதையின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட்டிடம், துப்பாக்கி மீது மனிதர்களுக்கு ஏன் மயக்கம் வருகிறது என்பது தனக்குப் புரிகிறது என்கிறார். வெறுக்கிற பொருளின் கவர்ச்சியை மறைக்காமல் ஒத்துக்கொள்ளும் இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். காமிக்ஸின் ஆரம்பகாலத்தில் பேட்மேனே துப்பாக்கி தூக்கிய கதைகள் உண்டு. கொல்லாமை என்ற விதி கொஞ்சம் பின்னால்தான் உறுதியானது.

அந்தக் கதையின் எதிரி டெட்ஷாட், குறி தவறாத கூலிக்கொலைகாரன். கார்டனுக்கு வைத்த குறி என்று எல்லோரும் நினைப்பது பேட்மேனை வரவழைக்க வைத்த பொறி. அவன் குண்டுகளுக்கு நடுவே ஓடி முடித்த பிறகு, வாழ்நாளெல்லாம் தான் நிறுத்தப் பார்ப்பது அந்த இரண்டு குண்டுகளைத்தான் என்ற பொருளில் புரூஸ் பேசுகிறார். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று.

சின்னப் பிள்ளைங்களுக்குக் காட்டலாமா?

பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். அமெரிக்காவில் பிஜி-13, அதாவது பதின்மூன்று வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கவனம் வேண்டும் என்ற சான்றிதழ் வாங்கிய படம்.  ரத்தம் காட்டுகிறார்கள். நான்காவது கதையின் கில்லர் க்ராக்கைப் பார்த்து என் அக்கா வீட்டுக் கடைக்குட்டி ராத்திரி தூங்கவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கேள்வி நிறையக் கேட்பார்கள்.

சக்தி இல்ல, சக்தி இல்லன்னு சொல்றீங்க. கோடி கோடியா பணம் இருக்கே, அதவிடப் பெரிய சக்தி என்ன?

நியாயமான கேள்வி, கேட்டவர் கோபமாகவே கேட்டார். பணம் பெரிய சக்திதான், மறுக்க மாட்டேன். அந்த உடை, அந்தக் கார், ஃபாக்ஸின் ஆராய்ச்சிக்கூடம் எல்லாம் பணம். ஒரு ஏழை வீட்டுப் பையனின் அப்பா அம்மா அதே சந்தில் செத்திருந்தால் கோதமுக்குப் பேட்மேன் கிடைத்திருக்க மாட்டார். படமும் அதை மறைக்கவில்லை.

ஆனால் பணம் வாங்கித் தந்ததிலேயே உயர்ந்த பொருள் எது என்று யோசியுங்கள். குண்டு படாத அந்தக் கருவி. அதை என்ன செய்தார் என்று மேலே சொன்னேன். அப்புறம் சாக்கடைக்கு வாருங்கள். வயிற்றில் குண்டு, பக்கத்தில் யாரும் இல்லை, கார் இல்லை, கூரை இல்லை. அந்தச் சேற்றில் அவரிடம் மிச்சமிருப்பது ஊர் ஒதுக்கிய ஒரு பெண் கற்றுக்கொடுத்த மூச்சு மட்டும்தான். அதற்குக் கசாண்ட்ரா ஒரு பைசா வாங்கவில்லை.